சுண்ணாம்பூரில் தண்ணீர் இறங்கும் வரிசை

என் தேவராஜ் அண்ணாவுக்கு,

உன் கிரேஸ் எழுதுகிறேன். நீ ஸ்பெயினில் இருந்த காலத்தில் வாரம் தவறாமல் உனக்கு எழுதினேன். அப்போதெல்லாம் கடிதம் போய்ச் சேர இத்தனை நாளாகிறதே என்பதுதான் கவலை. இப்போது அந்தக் கவலையும் இல்லை.

இதை நம் சபைப் பத்திரிகையில் போடுகிறேன் என்று பாஸ்டர் ஐயா சொல்லியிருக்கிறார். அதனால் உனக்குத் தெரிந்த சில விஷயங்களை மற்றவர்களுக்காகத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கும். 'இதெல்லாம் எனக்கே சொல்றியா' என்று சலித்துக்கொள்ளாதே. பள்ளிக்கூடத்தை விட்டு வந்துவிட்டேன், டீச்சர் புத்தி என்னை விட்டுப் போகவில்லை.

முதலில் நல்ல சேதி. காலையில் மாதனூர் ரோட்டில் நின்றால் ஷூ கம்பெனி பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போகின்றன. என்னிடம் படித்த பெண்கள் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு "டீச்சர்!" என்று கை ஆட்டுகிறார்கள். நம் பக்கத்துத் தோல் நம் பக்கத்திலேயே ஷூவாகிக் கப்பல் ஏறுகிறது. நீ இருந்திருந்தால் ஒரு ஜோடியைக் கையில் வாங்கி, வளைத்து, முகர்ந்து பார்த்து, "பினிஷிங் கம்மி" என்று திருப்பிக் கொடுத்திருப்பாய். என் முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. உன் பச்சை டிரங்குப் பெட்டிமேல் இப்போது பூனை படுத்துக்கொள்கிறது.

இன்னொரு சேதி, நம் சபைக் கோயில் கிணற்றைப் பற்றியது. போன மாதம் அதற்காக ஒரு கூட்டம் நடந்தது. அதைச் சொல்லத்தான் பேனாவை எடுத்தேன். ஆனால் அந்தக் கிணற்றுக்கு வழி உன் சுண்ணாம்பூர் வழியாகத்தான் போகிறது. அதனால் அங்கேயே ஆரம்பிக்கிறேன்.

*

எழுபதுகளின் நடுப்பகுதி. பாதி பதனிட்ட தோலை அப்படியே வெளிநாட்டுக்கு அனுப்பினது போதும், வேலையை முடித்து அனுப்புங்கள் என்று சர்க்கார் நெருக்கின காலம். முடிக்கிற வேலை நம் ஆட்களில் பல பேருக்குத் தெரியாது. நீ வேலை பார்த்த டேனரியின் முதலாளி ரஷீத் பாய்க்கு, தெற்கு ஸ்பெயினில் மலைமேல் ஒரு ஊரிலிருந்து தோல் வாங்குகிற ஒருவர் பழக்கம். பையும் பர்ஸும் தைக்கிற ஊர் அது. அங்கே போய்க் கற்றுக்கொண்டு வரச் சொல்லி உன்னைத்தான் பாய் பிடித்தார்.

"எனக்கு அந்த பாஷை ஒண்ணும் தெரியாதே பாய்."

"தோலுக்கு இன்னா பாஷை? தொட்டா உனக்குத் தெரியும். பேஜார் பண்ணாம கெளம்பு."

அண்ணி இறந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. வீட்டில் நீயும் நானும்தான். 'நீ தனியா இருப்பியே' என்று என்னைச் சாக்கு வைத்துத் தப்பிக்கப் பார்த்தாய். நான்தான் உன் பெட்டியைக் கட்டினேன். ஊறுகாய், இட்லிப் பொடி, சிவப்புப் பல்பொடி. அந்தப் பல்பொடி அங்கே செய்யப்போகிற கூத்து எனக்கு அப்போது தெரியாது.

உன் முதல் கடிதத்தைப் படித்துக் காட்டச் சொல்லித் தெருவே நம் வீட்டில் கூடிவிட்டது. ஊரின் பெயரில் நான் தடுக்கி விழுந்துகொண்டிருந்தேன். அடுத்த வீட்டு ரூபிக்குப் பொறுக்கவில்லை.

"இன்னா டீச்சர் ஊரு பேரு அது, வாயில நொழைய மாட்டேங்குது. வீட்டுக்கு வீடு சுண்ணாம்புன்னுதானே அண்ணன் எழுதிக்கீறாரு? சுண்ணாம்பூர்னு சொல்லிட்டுப் போங்களேன்."

அன்றிலிருந்து நம் தெருவுக்கு அது சுண்ணாம்பூர்தான். நீயே பிற்பாடு அப்படித்தான் சொன்னாய்.

அந்த ஊர் எப்படி இருக்கும் என்று நான் வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொன்ன உதாரணம் உனக்குப் பிடித்திருந்தது. வேலூரைச் சுற்றி நிற்கிற மொட்டைப் பாறைக் குன்று ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். அதன் தலையில் ஒரு பால் பானையை வைத்துப் பொங்க விடுங்கள். பால் நாலு பக்கமும் வழிந்து அப்படியே காய்ந்துவிட்டால் எப்படி இருக்கும்? அதுதான் சுண்ணாம்பூர். பாறை தெரியாத அளவுக்கு வெள்ளை வீடுகள், ஒன்றின் தோளில் ஒன்று.

தெரு என்று சொல்ல முடியாது, சந்துதான் என்று எழுதியிருந்தாய். இரண்டு பக்கமும் கூடை கட்டின கழுதை வந்தால் நாம் யார் வீட்டு வாசலிலாவது ஏறி நின்றுகொள்ள வேண்டும். அந்த வீட்டுக்காரி சும்மா விடமாட்டாள், ஏறி நின்றதற்கு ஒரு வாய் பேசிவிட்டுத்தான் போக வேண்டும். ஜன்னல் கம்பிகளில் சிவப்புப் பூச்சட்டிகள். சதுக்கத்தில் தொப்பி போட்ட கிழவர்கள் வெயில் நகர நகர பெஞ்சு மாறி உட்கார்ந்து, ஒரே விஷயத்துக்குக் காலை முழுக்கச் சண்டை. மத்தியானம் ஊரே கதவைச் சாத்திக்கொண்டு தூங்கும். "நம்ம பாய் இதைப் பார்த்தால் மயங்கி விழுந்துடுவார்" என்று எழுதியிருந்தாய். அந்த வரியை அவருக்குப் படித்துக் காட்டினேன். "அதனாலதான் அவனுங்க நல்லா தைக்கிறானுங்க" என்றார் பாய்.

வசந்த காலத்தில், ஊர்த் திருவிழாவுக்கு முன்னால், பெண்கள் நீளக் கம்பில் பிரஷைக் கட்டிக்கொண்டு வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிப்பார்கள். பழசைச் சுரண்டுவது கிடையாது. பாட்டன் காலத்துச் சுண்ணாம்பின்மேல் அப்பன் காலத்துச் சுண்ணாம்பு, அதன்மேல் இந்த வருஷத்துச் சுண்ணாம்பு. அதனால் அந்த ஊரில் சுவர் மூலை எதுவும் கூராக இருக்காது, தலையணை மூலை போல உருண்டிருக்கும் என்றாய். டேனரியில் தோலின் முடியை உதிர்க்கிற சுண்ணாம்புக் குழியிலேயே வாழ்நாளைக் கழித்தவன் நீ. சுண்ணாம்புக்கு இப்படி ஒரு சாந்தமான வேலையும் உண்டு என்று ஆச்சரியப்பட்டு எழுதியிருந்தாய்.

*

இப்போது பல்பொடிக் கதை.

நீ தங்கின வீட்டுச் சொந்தக்காரி கார்மென் அம்மாள், விதவை, உன்னைவிட இரண்டொரு வயது மூத்தவள். போய்ச் சேர்ந்த மறுநாள் விடியலில் எழுந்து, டேனரிக்குக் கிளம்புகிற பழக்கத்தில், துண்டும் பல்பொடியுமாக வெளியே வந்திருக்கிறாய். சந்தின் மேல்முனையில் பாறையிலிருந்து ஒரு ஊற்று கல்தொட்டியில் விழுந்துகொண்டிருந்தது. ஆகா என்று உட்கார்ந்து பல் விளக்கி, தொட்டியிலேயே கொப்பளித்துத் துப்பியிருக்கிறாய்.

தொட்டி முழுக்கச் சிவப்பு. முதலில் பார்த்த கார்மென் அம்மாள் ரத்த வாந்தி என்று நினைத்து ஓடி வந்தாளாம். பொடி என்று தெரிந்த பிறகுதான் திட்டவே ஆரம்பித்தாளாம். ஜன்னல் ஜன்னலாகத் திறந்தது. மேல் வீட்டிலிருந்து ஒருத்தி, கீழ் வீட்டிலிருந்து ஒருத்தி, ரொட்டிக் கடைக்காரன் மாவுக் கையோடு, எல்லாரும் சேர்ந்து கத்தினார்கள். "ஒரு வார்த்தை புரியல கிரேஸ், ஆனா எல்லாம் புரிஞ்சுது" என்று எழுதியிருந்தாய்.

கத்தி முடித்ததும் உன் கையில் தேய்க்கிற பிரஷும் சுண்ணாம்பு வாளியும் கொடுத்தார்கள். தொட்டியைத் தேய்த்துக் கழுவினாய். ஊற்றைச் சுற்றின சுவர் முழுக்கச் சுண்ணாம்பு அடித்தாய். கிழவர்கள் பெஞ்சை இந்தப் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு மேற்பார்வை பார்த்தார்கள். வேலை முடிந்ததும் கார்மென் அம்மாள் ரொட்டியில் எண்ணெய் ஊற்றிக் கொண்டுவந்து கொடுத்தாள். அவ்வளவுதான். மறுநாள் அதே ஜன்னல்களிலிருந்து அதே பெண்கள் "தேவ்! தேவ்!" என்று கூப்பிட்டு வணக்கம் சொன்னார்கள். நீ அங்கே இருந்த காலம் முழுக்க ஒருவரும் அந்தப் பேச்சைத் திரும்ப எடுக்கவில்லை.

அப்புறம்தான் அந்தத் தண்ணீரின் கதையை உனக்குச் சொன்னார்கள். நீ எனக்கு எழுதினாய். நான் அதைக் கரும்பலகையில் படமாகப் போட்டேன்.

உச்சியில் ஒரு இடிந்த கோட்டை. பல நூறு வருஷங்களுக்கு முன்னால் கடல் தாண்டி வந்து அந்த நாட்டை ஆண்ட மூர்கள் என்கிற முஸ்லிம்கள் கட்டினது. ஊற்றை வெட்டி வாய்க்காலில் ஊருக்குள் இறக்கினவர்களும் அவர்கள்தான். தண்ணீர் இறங்குகிற வரிசையை அவர்கள் வகுத்தார்கள். முதல் தொட்டி மனிதர் குடிக்க. அதிலிருந்து வழிவது இரண்டாவது தொட்டிக்கு, கழுதை, மாடு குடிக்க. அதற்குக் கீழே துணி துவைக்கிற சாய்வுக் கற்கள். அதற்கும் கீழே ஆரஞ்சுத் தோட்டம். எல்லாவற்றுக்கும் கடைசியில், மலையடி ஓடையில், தோல் பதனிடுகிற குழிகள். தோல்காரனுக்குக் கீழே வேறு யாரும் கிடையாது.

பிற்பாடு கிறிஸ்தவ ராஜாக்கள் அந்த ஊரைப் பிடித்தார்கள். மசூதியைத் தேவாலயம் ஆக்கினார்கள். பாங்கு சொன்ன கோபுரத்தில் மணியைக் கட்டினார்கள். பழைய ஜனங்களில் பலரைத் துரத்தினார்கள். அது துக்கமான கதை. தெருப் பேர்கள்கூட மாறின. "தண்ணி வரிசைய மட்டும் யாரும் தொடல" என்று எழுதியிருந்தாய். வீட்டுக்குள் குழாய் வந்துவிட்ட பிறகும் குடிக்கிறதுக்கு அந்த ஊற்றில்தான் பிடித்துப் போகிறார்கள் என்றாய்.

என் ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் அதை வாய்ப்பாடு போலச் சொன்னார்கள். மனுஷன், மாடு, துணி, தோட்டம், தோல். ஆம்பூரையே தாண்டாத பிள்ளைகள், கண்ணால் பார்க்காத ஒரு ஊரின் தண்ணீரை மேலிருந்து கீழே நடத்திக்கொண்டு வந்தார்கள். அந்த வகுப்பை நினைத்தால் இன்றைக்கும் மனசு நிறைகிறது, உடனே கனக்கவும் செய்கிறது.

*

நீ திரும்பி வந்தபோது சற்று வெளுத்திருந்தாய். தெரு உனக்கு 'ஸ்பெயின்காரர்' என்று பேர் வைத்தது. வந்த வாரமே நம் தெருமுனையில் நின்று அந்தச் சாக்கடையைப் பார்த்தாய். ரஷீத் பாயின் டேனரியிலிருந்து கழிவு திறந்த வாய்க்காலாக நம் வாசல் வழியே போய்க்கொண்டிருந்தது. நாங்கள் மூக்கைப் பழக்கிக்கொண்டு விட்டோம். நீயும் அதற்கு முன்னால் பழக்கிக்கொண்டவன்தான். சுண்ணாம்பூர் உன் மூக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டது.

அந்த வாய்க்காலுக்குக் கொஞ்ச தூரத்தில் கோயில் கிணறு. நம் தெருவுக்கு இருந்த ஒரே நல்ல தண்ணீர். சாமி கும்பிடுகிறவர், தொழுகிறவர், ஜெபிக்கிறவர் எல்லாரும் குடம் கொண்டு வருவார்கள். "இப்போ வாய்க்கா மேல, கெணறு கீழ. வரிசை தலைகீழா இருக்கு கிரேஸ்" என்றாய்.

பாயிடம் பேசப் போனபோது என்னையும் அழைத்துப் போனாய். நான் படம் போட்டுக் காட்ட வேண்டுமாம். சுண்ணாம்பூரை அவர் மேஜைமேல் வரைந்து காட்டினேன். பாய் வெகு நேரம் பார்த்தார்.

"எங்க ஆளுங்க போட்ட சட்டமா இது?"

"உங்க ஆளுங்க போட்டது பாய். எங்க ஆளுங்க காப்பாத்தினது" என்றாய்.

"அப்போ ரெண்டு பேரும் சேந்து செஞ்சாத்தான் ஆவும்னு சொல்ற."

"ஆமா பாய்."

"சர்தான். குழாய் பதிக்க ஆள் போடச் சொல்லி மேஸ்திரிகிட்ட சொல்றேன். உன்ன ஸ்பெயினுக்கு அனுப்பினதுக்கு எனக்கு நல்லா வேணும்!" என்று சிரித்தார்.

நீ காட்டின வழியில் சிமெண்டுக் குழாய் பதித்தார்கள். கழிவு வாசல் பக்கம் வராமல், கிணற்றைத் தாண்டி, பாலாற்றங்கரை மணலில் வெட்டின பெரிய குழிக்குப் போனது. கிணற்றுக்குக் கீழே. எல்லாவற்றுக்கும் கடைசியில். சுண்ணாம்பூர் எப்படியோ அப்படியே. வாய்க்காலை மண் போட்டு மூடின அன்றைக்கு ரூபி டீ போட்டுத் தெருவுக்கே கொடுத்தாள். "நாத்தம் போச்சு, ஸ்பெயின்காரருக்கு இன்னொரு டம்ளர் ஊத்துங்க" என்றாள். உன் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை நான் அண்ணி இருந்த காலத்துக்குப் பிறகு பார்க்கவில்லை.

மழை சரியாகப் பெய்யாத ஒரு கோடை போனது. இன்னொரு கோடை வந்தது. ஒரு நாள் ரூபி கிண்ணத்தோடு வந்து நின்றாள்.

"டீச்சர், பருப்பு வேகவே இல்ல. கடைக்காரன் பழசைத் தலையில கட்டிட்டான்."

அடுத்த வாரம் வேறு கடையில் வாங்கினாள். அதுவும் வேகவில்லை. சோப்பு நுரைக்கவில்லை. டீயில் பால் திரிந்தது. கிணற்றுத் தண்ணீர் கரித்தது. அப்புறம் ஒரு காலையில் நீ கிணற்றடியில் ஒரு வாய் தண்ணீரை ஊற்றிக்கொண்டு, விழுங்காமல், துப்பாமல் நின்றதை நான் பார்த்தேன். கடைசியில் விழுங்கிவிட்டு வீட்டுக்கு வந்தாய்.

அன்று சமையலறைத் தரையில் கரித்துண்டால் நீ ஒரு படம் போட்டாய். "மலையில தண்ணி இறங்கும் கிரேஸ். கண்ணுக்குத் தெரியும், எது மேல, எது கீழன்னு. நம்ம ஆறு இறங்கல. மணலுக்கு அடியில படுத்துக்கினு இருக்கு. சுத்தி எவ்ளோ பம்ப்செட்டு போட்டுட்டாங்க பாத்தியா? யாரு இழுக்கறாங்களோ அந்தப் பக்கம் திரும்பிப் படுக்குது. வெயில்ல கெணறு வத்தறப்போ ஆத்து மணல்லருந்துதான் கெணத்துக்குத் தண்ணி வருது." கரித்துண்டு அந்தக் குழியின்மேல் நின்றது. "நான் கீழன்னு நெனச்ச எடம்தான் இங்க மேல."

பொதுப்பணித் துறை இன்ஜினியர் ஒருவர் வந்து பார்த்துவிட்டு அதையேதான் சொன்னார். பாய் உடனே குழியை மூடினார். தலையில் கை வைத்துக்கொண்டு அந்த மணலில் உட்கார்ந்திருந்தார், பாவம். ஆனால் மணலுக்குள் போன டேனரி உப்பு போனதுதான். ஒரு டம்ளர் தண்ணீரில் உப்பைக் கரைக்கச் சொன்னால் என் பிள்ளைகள் எல்லாரும் கரைப்பார்கள். கரைந்த உப்பை விரலால் எடுத்துக் கொடு என்றால் எந்தப் பிள்ளையால் முடியும்?

*

அண்ணா, அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு இன்னும் ஆற மாட்டேன் என்கிறது.

உன்னை ஒருவரும் திட்டவில்லை. நீ வந்தால் பேச்சு நின்றது. "வாங்கண்ணா, சாப்ட்டீங்களா?" என்றார்கள். முன்பைவிட மரியாதை ஜாஸ்தி ஆனது. 'ஸ்பெயின்காரர்' என்கிற கேலிப் பேரும் நின்றுபோனது. ரோட்டைத் தாண்டி, வயல் தாண்டி, ஒரு பம்ப்செட்டிலிருந்து பெண்கள் குடத்தைச் சுமந்து வந்தார்கள். நீ எதிரே வந்தால் குடத்தை இடுப்பு மாற்றிக்கொண்டு, பாரம் தெரியாத மாதிரி சிரித்தார்கள்.

ஒரு நாள் நீ ரூபியை வழியிலேயே நிறுத்திவிட்டாய். நான் பின்னால் வந்துகொண்டிருந்தேன்.

"ரூபி, ஒரு வார்த்தை திட்டிடும்மா."

"சேச்சே, இன்னாண்ணா பேசறீங்க? நீங்க நல்லதுக்குத்தானே பண்ணீங்க."

"நல்லதுக்குப் பண்ணேன், கெட்டுப் போச்சு. அதுக்குத் திட்டு."

"போங்கண்ணா, வெயில்ல நிக்காதீங்க" என்று அவள் குடத்தோடு போய்விட்டாள்.

நீ அங்கேயே நின்றாய். வீட்டுக்கு வந்ததும், "அந்த ஊர்ல திட்டி, கழுவ வெச்சி, ரொட்டி குடுத்து முடிச்சாங்க. இங்க ஆரம்பிக்கவே மாட்டேங்கறாங்க. ஆரம்பிக்காதது எப்படி முடியும்?" என்று கேட்டாய்.

நீ அந்தக் கிணற்றுத் தண்ணீரையே குடித்துக்கொண்டிருந்தாய். நான் சுமந்து வந்த நல்ல தண்ணீரைப் பூச்செடிக்கு ஊற்றினாய். வேலூர் ஆஸ்பத்திரியில் பிரஷர் பார்த்த டாக்டர் உப்பைக் குறைக்கச் சொன்னார். ஊறுகாயை நிறுத்தினாய், அப்பளத்தை நிறுத்தினாய், அந்தத் தண்ணீரை நிறுத்தவில்லை. நான் கத்தினேன், அழுதேன், குடத்தைப் போட்டு உடைத்தேன். "நீ திட்டினா கணக்குல வராது கிரேஸ், நீ வீட்டாளு" என்றாய்.

ஒரு மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தவன் அப்படியே சாய்ந்துவிட்டாய். தண்ணீரா, பிரஷரா, மனசா? டாக்டரைக் கேட்டேன். அவர் என் தோளைத் தொட்டார். உன் அடக்கத்துக்கு வந்த கூட்டத்தில் எல்லாரும் உன்னை நல்லவர், நல்லவர் என்றார்கள். ரஷீத் பாய் மட்டும் மூலையில் நின்று அழுதார். அந்த நல்லவர் என்ற வார்த்தை எனக்கு எவ்வளவு கசந்தது தெரியுமா?

*

இப்போது போன மாதக் கூட்டம்.

கோயில் கிணற்றை மூடி, மேலே சிமெண்டு போட்டு, சைக்கிள் ஸ்கூட்டர் நிறுத்த இடம் பண்ணலாம் என்று கமிட்டியில் பேச்சு. ஆராதனை முடிந்து எல்லாரும் உட்கார்ந்தோம். நான் எழுந்து, மூட வேண்டாம் என்றேன். என்றைக்காவது தண்ணீர் தேறலாம், பொறுப்போம் என்றேன்.

ரூபியின் மகன் சுந்தர் இப்போது கமிட்டியில் இருக்கிறான். ஷூ கம்பெனியில் சூப்பர்வைசர். அவன் பட்டென்று கேட்டான்.

"உங்க அண்ணன் கெடுத்த கெணறுதானே டீச்சர்? நீங்களே மூட வேணாம்னா எப்படி?"

"டேய்! வாய மூட்றா!" என்று ரூபி பாய்ந்தாள்.

கூட்டம் தலையைக் குனிந்துகொண்டது. எனக்குக் கோபம் வரும் என்று எல்லாரும் நினைத்திருப்பார்கள். எனக்கு வந்தது கோபம் இல்லை அண்ணா. வெகு நாளாகக் காதில் அடைத்துக்கொண்டிருந்த தண்ணீர் வெளியே வந்த மாதிரி இருந்தது.

"அவன் பேசட்டும் ரூபி" என்றேன். "ஆமாம்ப்பா, எங்க அண்ணன் சொல்லித்தான் குழி அங்கே போனது. கிணறு அதனால்தான் கெட்டது. இதை யாராவது வாய் விட்டுச் சொல்ல மாட்டீர்களா என்று அவன் கேட்டுக் கேட்டுச் செத்தான். நீ சொன்னதற்குச் சந்தோஷம். மற்றவர்களும் சொல்லுங்கள்."

அப்புறம் ரூபி எழுந்தாள். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"பேசணுமா டீச்சர்? பேசறேன். இவன் தங்கச்சி வயித்துல இருக்கறப்போ நான் அந்த வயல் வரப்புல கொடம் தூக்கினேன். வழுக்கி வுழுந்தேன். அன்னிக்குப் போன இடுப்பு இன்னும் சரியாவல. பிளேன்ல போனவரு, பெரிய மனுஷன், நல்ல மனுஷன்னு வாயப் பொத்திக்கினு இருந்தேன். உள்ள எரிஞ்சுது டீச்சர், தெனமும் எரிஞ்சுது." அப்புறம் அவள் என்னைப் பார்க்கவில்லை. நீ வழக்கமாக உட்காருகிற சுவரோரப் பெஞ்சைப் பார்த்தாள். "யோவ், எவனோ மலைமேல வெச்சத ஒண்ணும் தெரியாம எங்க மணல்ல கொண்டாந்து ஏன்யா வெச்ச? சரி, வெச்ச. தெரியாம வெச்ச. அந்தத் தண்ணிய ஏன்யா குடிச்ச? எங்கள இன்னா பண்ணச் சொன்ன? நாங்க கோவப்படக்கூட எடம் குடுக்காம நீயே உனக்குத் தண்டன குடுத்துக்கினு பூட்டியே, பாவி! நாங்க இன்னா உன்ன சாவச் சொன்னோமா?"

அதற்கு மேல் அவளால் முடியவில்லை. உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

அப்புறம் ஒருவர் பின் ஒருவராக எழுந்தார்கள். ஒருவருக்கு மாடு மெலிந்தது. ஒருவர் மல்லிகைத் தோட்டத்தை விட்டுவிட்டார். ஒருத்தி, பெண் பார்க்க வந்தவர்கள் டீயை வாயில் வைத்துவிட்டு எழுந்து போனதைச் சொன்னாள். கோபமாகச் சொன்னார்கள், அழுதுகொண்டு சொன்னார்கள், நடுவில் இரண்டு பேர் தங்களுக்குள்ளேயே சண்டை போட்டுக்கொண்டார்கள். உன் பேர் அத்தனை தரம் அந்தக் கோயிலில் ஒலித்ததே இல்லை. நான் ஒவ்வொரு வார்த்தையையும் உனக்காகக் கேட்டுக்கொண்டிருந்தேன். நீ உட்கார்ந்து கேட்டிருக்க வேண்டிய பேச்சு. அந்த நாளிலேயே நடந்திருந்தால் நீ இன்றைக்கு இருந்திருப்பாயோ? இதை யாரிடம் போய்க் கேட்பேன்?

முடிந்தபோது இருட்டிக்கொண்டு வந்தது. கிணற்றை மூடுவதில்லை என்று முடிவானது. அதை முன்மொழிந்தவளே ரூபிதான். மழைக் காலத்தில் கோயில் கூரைத் தண்ணீரைக் குழாய் வைத்துக் கிணற்றுக்குள் விட்டுப் பார்க்கலாமா என்று சுந்தர் கேட்டான்.

"செய்யலாம்ப்பா. ஆனால் முதலில், தண்ணீர் எந்தப் பக்கமிருந்து எந்தப் பக்கம் போகிறது என்று நன்றாகப் பார்த்துவிட்டுச் செய்" என்றேன்.

யாரோ சிரித்தார்கள். அப்புறம் எல்லாரும் சிரித்தார்கள், ரூபி அழுகையோடே சிரித்தாள். உன்னை வைத்து நம் தெரு சிரித்து எவ்வளவு காலம் ஆயிற்று அண்ணா!

ரூபி பேசினதில் பாதியைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன். மீதியெல்லாம் சபைப் பத்திரிகையில் போட முடியாத வார்த்தைகள். பாஸ்டர் ஐயாவே அப்போது ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவற்றை நான் எழுதப் போவதில்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை ரூபியையும் அழைத்துக்கொண்டு கல்லறைத் தோட்டத்துக்கு வருகிறேன். உன் தலைமாட்டில் நின்று, நீ கேட்டதை, ஒரு வார்த்தை குறைக்காமல், அவள் வாயாலேயே உனக்குச் சொல்ல வைக்கிறேன். இது சத்தியம்.

அவள் முடிக்கும்வரை நான் குறுக்கே பேச மாட்டேன்.

உன் கூடப் பிறந்தவள், திட்டினாலும் கணக்கில் வராத உன் வீட்டாள்,
கிரேஸ்